போர்வீரன் முதுகில் எத்தனை கிலோ?

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். பத்துக் கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு, சமதளமான சாலையில், ஒரே வேகத்தில் ஒரு கிலோமீட்டர் தூரம் நடக்கிறீர்கள். அந்தப் பையைச் சுமந்ததில் நீங்கள் செய்த வேலை எவ்வளவு?

உங்கள் பாடப்புத்தகத்தின்படி விடை பூஜ்யம். விசையையும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் கிடைப்பதே வேலை. பையைத் தாங்கும் விசை மேல்நோக்கிச் செயல்படுகிறது. பையோ கிடைத்திசையில் நகர்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஆகவே வேலை இல்லை!

விடை சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் "அப்பாடா!" என்று பையை இறக்கிப் போடுகிறீர்களே, அது ஏன்? செய்யாத வேலைக்குக் களைப்பு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி மிகவும் பாடுபட்டவர்கள் ராணுவத்தினர். ஜெர்மானிய உடலியல் அறிஞர் நாதன் ட்சுண்ட்ஸ், ராணுவ மருத்துவர் ஷூம்பர்க் என்பவருடன் சேர்ந்து, சுமையுடன் நடைபோடும் வீரர்களின் மூச்சையும் நாடித்துடிப்பையும் அளந்து 1901இலேயே ஒரு நூல் வெளியிட்டார். போர்முனைக்குப் போகிறவன் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுச்செல்வது, எடுத்ததை உடம்பில் எங்கே வைப்பது என்பவை வெறும் வசதியைப் பற்றிய கேள்விகள் அல்ல. விடை தவறினால் உயிர் போகும். அந்தக் கணக்கை உயர்நிலைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம், வாருங்கள்.

ஹெலிகாப்டர் இல்லாமற் போனபோது

தென் அட்லாண்டிக் கடலில் ஃபாக்லந்துத் தீவுகள் இருக்கின்றன. 1982 ஏப்ரல் 2ஆம் நாள் அர்ஜென்டினப் படைகள் அவற்றைக் கைப்பற்றின. மீட்க வந்த பிரிட்டிஷ் படைகள் மே 21ஆம் நாள் கிழக்குத் தீவின் மேற்குப் பக்கத்தில் சான் கார்லோஸ் என்ற இடத்தில் கரையிறங்கின. தலைநகரான ஸ்டான்லி, தீவின் மறுகோடியில் எண்பது தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஹெலிகாப்டர்கள் வீரர்களைச் சுமந்து செல்லும் என்பது திட்டம்.

மே 25ஆம் நாள் 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கியது. அதிலிருந்த மூன்று பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்து போயின. வேறு சில ஹெலிகாப்டர்களும் அழிந்தன. எஞ்சியவை பீரங்கிகளையும் குண்டுகளையும் தூக்கவே போதவில்லை. ஆகவே மே 27ஆம் நாள் மரைன் வீரர்களும் பாராசூட் படையினரும் நடந்தே புறப்பட்டார்கள்.

தென்கோளத்தில் அது குளிர்காலத் தொடக்கம். மழை, ஆலங்கட்டி, காற்று. தரையோ மட்கிய புல் படிந்து, மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கும் சதுப்பு நிலம். இடையிடையே ஆறு ஓடுவதுபோல் பரந்து கிடக்கும் வழுக்குப் பாறைக் கற்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஏறத்தாழ 36 கிலோ. சிலருக்கு 50 கிலோவுக்கும் மேல். இப்படி நடப்பதற்கு மரைன் வீரர்கள் 'யாம்ப்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

உடம்பு என்னும் எஞ்சின்

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். மேசைமேல் வைத்த கல்லை மேசை களைப்பின்றித் தாங்குகிறது. தசை அப்படியன்று. விறைத்து நிற்கும் தசைக்குள் நுண்ணிய இழைகள் ஓயாமல் இழுப்பதும் விடுவதுமாக இருக்கின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும் ஆற்றல் செலவாகிறது. வெளியே வேலை நடக்காவிட்டாலும் உள்ளே எரிபொருள் எரிந்து வெப்பமாகிறது.

மேலும் நாம் சக்கரத்தின்மேல் உருண்டு போவதில்லை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் நம் உடல் சில சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. முதுகுப் பையும் கூடவே உயர்கிறது. உயர்த்தச் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதி ஊசலில் கிடைப்பதுபோல் அடுத்த அடிக்குத் திரும்பக் கிடைக்கும். மீதி வீணாகும்.

அமெரிக்க ராணுவத்தின் நேடிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பாண்டால்ஃப், கிவோனி, கோல்ட்மன் ஆகிய மூவரும் 1977இல் இதற்கு ஒரு சமன்பாடு வகுத்தார்கள். ஆளின் எடை, சுமை, வேகம், சரிவு, தரையின் தன்மை ஆகிய ஐந்தையும் கொடுத்தால் உடல் எத்தனை வாட் திறனைச் செலவிடும் என்று அது சொல்லும். 70 கிலோ எடையுள்ள வீரன் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதாக வைத்து நான் போட்ட கணக்கு இது:

கெட்டியான சமதரை, சுமை இல்லை: 235 வாட்.
அதே தரை, 36 கிலோ சுமை: 357 வாட்.
சதுப்பு நிலம், 36 கிலோ சுமை: 514 வாட்.

சுமையும் சேறும் சேர்ந்து செலவை இரட்டிப்பைவிட அதிகமாக்கி விட்டன, பாருங்கள். சதுப்பில் எட்டு மணி நேரம் நடந்தால் 514 × 8 × 3,600 = ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் ஜூல். அதாவது 3,500 கிலோகலோரிக்கும் மேல். ஓர் ஆளின் ஒரு நாள் உணவைவிட இது அதிகம். அந்த ஆற்றலுக்கு வேண்டிய உணவையும் அவன் முதுகிலேதான் தூக்க வேண்டும்!

சமன்பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. சுமைக்கும் உடல் எடைக்கும் உள்ள விகிதம் அதில் வர்க்கமாக வருகிறது. சும்மா நின்றுகொண்டு சுமையைத் தாங்குவதற்கான பகுதி அது. நம் வீரனின் சுமை 18 கிலோவாக இருந்தால் அந்தப் பகுதி 12 வாட். சுமையை 36 கிலோவாக இரட்டித்தால் 56 வாட். சுமை இரு மடங்கு, செலவு ஏறத்தாழ ஐந்து மடங்கு. "இன்னும் ஐந்து கிலோதானே" என்று பையில் திணிக்கும் கடைசிப் பொருள், முதலில் வைத்த ஐந்து கிலோவைவிட அதிகம் களைப்பூட்டும். வீரன் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்று ராணுவ மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதன் நியாயம் இதில் தெரிகிறது அல்லவா?

எங்கே வைப்பது?

எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். எங்கே என்பது மீதிப் பாதி.

30 கிலோ பையின் எடை ஏறத்தாழ 300 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் முதுகெலும்பிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அது வீரனைப் பின்னோக்கிச் சாய்க்க முயலும் திருப்புத்திறன் 45 நியூட்டன்-மீட்டர். கனமான பொருள்களைப் பையின் வெளிப்புறத்தில் அடுக்கி, மையம் 30 சென்டிமீட்டருக்குப் போய்விட்டால் 90 நியூட்டன்-மீட்டர். சுமை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. தொல்லை மட்டும் இரட்டித்துவிட்டது. வீழாமலிருக்க வீரன் முன்னால் குனிந்து நடக்கிறான். முதுகுத் தசைகள் நாள் முழுவதும் இழுத்துப் பிடிக்கின்றன. ஆகவே தண்ணீர், தோட்டா, வயர்லெஸ் பாட்டரி போன்ற கனமானவை முதுகை ஒட்டி. தூங்கும் பை, மாற்றுடை போன்ற இலேசானவை வெளியே.

உயரமாக வைப்பதா, தாழ்வாக வைப்பதா? நல்ல பாதையில் கனத்தைத் தோள்பட்டைகளின் மட்டத்தில் வைத்தால் அதிகம் குனிய வேண்டாம். கரடுமுரடான தரையில் உயரமான சுமை ஆளைத் தள்ளாடச் செய்யும். அங்கே சற்றுத் தாழ்வாக இருப்பதே நல்லது. போகும் இடத்தைப் பார்த்துத்தான் பையை அடுக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். 36 கிலோ பை, அதாவது 360 நியூட்டன், இரண்டு குறுகிய வார்களில் தொங்குகிறது என்போம். ஒவ்வொரு வாரும் 3 சென்டிமீட்டர் அகலம், தோளில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிகிறது. மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 60,000 நியூட்டன். இதைப் பாதரசக் கணக்கில் சொன்னால் 450 மில்லிமீட்டர். நம் ரத்த அழுத்தம் எவ்வளவு? இதயம் சுருங்கும்போது ஏறத்தாழ 120! வாரின் அடியில் ரத்தம் எப்படி ஓடும்? தோள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புகளும் நசுங்குகின்றன. கை மரத்துப்போய்த் துப்பாக்கியைத் தூக்க முடியாத நிலையும் வருவதுண்டு. இதை மருத்துவர்கள் ஒரு நோயாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

வாரை 7 சென்டிமீட்டர் அகலமாக்கி மெத்தை வைத்தால் அழுத்தம் 193 மில்லிமீட்டருக்கு இறங்கும். இடுப்புப் பட்டை ஒன்று சேர்த்து, எடையில் மூன்றில் இரண்டு பங்கை இடுப்பெலும்புக்கு மாற்றினால் தோளில் 64 மில்லிமீட்டர்தான். தலையில் குடம் தூக்குமுன் சும்மாடு சுற்றி வைக்கும் நம் பாட்டிமார்கள் பரப்பு, அழுத்தம் பற்றிய இந்தப் பாடத்தைப் பள்ளிக்குப் போகாமலே கற்றவர்கள்!

காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து

உடம்பில் எடையைச் சேர்க்கவே கூடாத இடம் பாதம். முதுகிலுள்ள பை ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறுகிறது. பாதமோ ஒவ்வோர் அடியிலும் தரையில் நின்று, பாய்ந்து, மறுபடி நிற்கிறது. அதன் நிலைமத்தை ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும். காலில் ஏற்றிய எடை, உடலோடு ஒட்டிய அதே எடையைவிட 4 முதல் 6 மடங்கு அதிக ஆற்றலைக் கேட்கிறது என்று 1969இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு பூட்சுகளும் சேர்ந்து அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டால், முதுகில் 2 அல்லது 3 கிலோ கூடியதற்குச் சமம்.

ஃபாக்லந்தில் இதுதான் நடந்தது. பிரிட்டிஷ் வீரர்களின் பூட்சுகள் ஈரம் புகாமல் தடுக்கவில்லை. நாட்கணக்கில் ஈரக் காலுடன் நடந்து பலர் 'அகழிக் கால்' என்னும் நோய்க்கு ஆளானார்கள். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். காலின் சூடு ஈரத்தில் கசிந்து போக, ரத்த நாளங்கள் சுருங்கி, பாதம் வீங்கி மரத்துவிடும். சில நூறு கிராம் எடையுள்ள உலர்ந்த காலுறைகள், பையிலுள்ள எந்த ஆயுதத்துக்கும் குறையாத மதிப்புடையவை. நடக்க முடியாத வீரன் போரிடவும் முடியாதே!

கடலில் தலைகீழாக

1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்க நேசநாடுகள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தன. அதற்காக இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்லாப்டன் என்ற கடற்கரையில் ஒத்திகை நடந்தது. ஏப்ரல் 28ஆம் நாள் அதிகாலை, அமெரிக்க வீரர்கள் வந்த கப்பல்களை ஜெர்மானிய விரைவுப் படகுகள் தாக்கின. இரண்டு கப்பல்கள் மூழ்கின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொன்றது டார்பிடோ அன்று. தவறாக அணிந்த மிதவைப் பட்டை.

பட்டையை அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி அணிய வேண்டும். முதுகிலே சுமை இருந்ததால் பலர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். நீரில் குதித்துப் பட்டையில் காற்று நிரம்பியதும் என்ன ஆயிற்று? தஞ்சாவூர்ப் பொம்மையை எண்ணிப் பாருங்கள். அடியில் கனம் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்கிறது. அதன் தலையில் ஈயத்தை ஊற்றினால் நிற்குமா? மிதக்கும் பொருளும் அப்படித்தான். ஈர்ப்பு மையம் கீழும், மேலே தூக்கும் மிதப்பு விசை மேலும் இருந்தால் நிமிர்ந்து மிதக்கும். இந்த வீரர்களுக்கோ முதுகுப் பையும் துப்பாக்கியும் உடலின் மேற்பகுதியில், மிதவை இடுப்பில். கவிழ்ந்தார்கள். தலை நீருக்கடியிலும் கால் மேலுமாகப் பலர் மிதந்ததை மீட்கப் போனவர்கள் கண்டார்கள்.

பட்டை நல்ல பட்டைதான். பையும் தேவையான பைதான். இரண்டும் சேர்ந்தபோது ஈர்ப்பு மையம் எங்கே போகும் என்று அந்த இளைஞர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. ஆற்றைக் கடக்குமுன் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், ஒரே இழுப்பில் பை கழன்று விழ வேண்டும் என்று இன்று வீரர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் நீரில் நேரும் இத்தகைய ஆபத்தை எண்ணித்தான்.

ஒரு விநாடியின் விலை

மறைவிடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வீரன் பாய்ந்து ஓடுகிறான். அவன் எடை 70 கிலோ. சுமை 30 கிலோ. கால்கள் தரும் விசை மாறாது என்று வைத்துக்கொள்வோம். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி முடுக்கம் 100க்கு 70 என்ற அளவுக்குக் குறையும். நிலையிலிருந்து புறப்பட்டுக் குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரம், முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கணக்கிட்டால் நேரம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. சுமையில்லாமல் 5 விநாடியில் கடந்த இடத்தைச் சுமையுடன் கடக்க 6 விநாடி. அந்த ஒரு விநாடியும் அவன் எதிரியின் குறிக்கு முன்னே வெட்டவெளியில் இருக்கிறான்.

அப்படியானால் குண்டு துளைக்காத கவசத்தைக் கழற்றிவிடலாமா? கவசம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதன் எடை விரைவைக் குறைப்பதும் உண்மை. இரண்டு பக்கமும் உயிர் இருக்கிறது. இதுதான் இந்தக் கணக்கின் கடினமான இடம்.

2003இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவக் குழு ஒன்று வீரர்களுடன் கூடவே சென்று, அவர்கள் சுமந்த ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்தது. சாதாரணத் துப்பாக்கி வீரன் ஒருவனின் சண்டைச் சுமை மட்டும் சராசரி 29 கிலோ. நடைக்கான முதுகுப் பையும் சேர்ந்தால் 43 கிலோ. அவசர நிலையில் 58 கிலோ. மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு முதல் படியிலேயே தாண்டிப் போயிற்று.

அவர்கள் வீண் பொருள்களைச் சுமந்தார்களா? இல்லை. கவசம், தலைக்கவசம், தோட்டா, தண்ணீர், வயர்லெஸ், இரவில் பார்க்கும் கருவி, அவற்றுக்கான பாட்டரி என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வலுவான காரணம் உண்டு. "இது ஒரு கிலோதானே" என்று ஒவ்வொரு துறையும் ஒரு பொருளைக் கொடுக்கும். கூட்டுத்தொகையைச் சுமப்பவன் ஒருவன். இயற்பியல் விதிகளுக்குக் காரணம் தேவையில்லை. அவை கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கும்.

கிராம் கணக்கு

ஆகவே மிச்சப்படுத்த வழி தேடுகிறார்கள். ஃபாக்லந்தில் இரு தரப்புத் துப்பாக்கிகளும் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுட்டன. அதன் எடை ஏறத்தாழ 24 கிராம். பிற்காலத்தில் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஏறத்தாழ 12 கிராம். 200 தோட்டாக்களுக்கு 4.8 கிலோவுக்குப் பதில் 2.4 கிலோ. ஆனால் தொலைதூரத்தில் சிறிய தோட்டாவின் வலிமை குறைவு. எடையைக் குறைத்தால் வேறெதையோ கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

உணவில் உள்ள தண்ணீரை வற்றவைத்துவிடலாம். குடிநீரை அப்படிச் செய்ய முடியுமா? ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதான். எந்த விஞ்ஞானியாலும் அதைக் குறைக்க முடியாது. வழியில் ஓடை இருந்தால் நீரைச் சுத்தம் செய்யும் சில மாத்திரைகள் பல லிட்டர் சுமையைத் தவிர்க்கும். பாலைவனத்தில் அந்த மாத்திரையால் பயனில்லை. அறிவும் எடையைக் குறைக்கும். ஆனால் போகும் இடத்தைப் பற்றிய அறிவாக இருக்க வேண்டும்.

பழக்கப்பட்ட வீரர்கள் சுமையை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். எல்லாம் போனாலும் உயிர்வாழத் தேவையானவை சட்டைப் பைகளில். போரிடத் தேவையானவை இடுப்புப் பட்டையிலும் மார்பிலும். தங்கி உறங்கத் தேவையானவை முதுகுப் பையில். சண்டை மூண்டால் மூன்றாவது அடுக்கை அவிழ்த்துப் போட்டுவிடலாம். உயிர்காக்கும் பொருள் தவறான அடுக்கில் இருந்தால், பையோடு அதுவும் போய்விடும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் புத்தகப் பையில் கனமான நூல்களை முதலில் முதுகை ஒட்டி அடுக்கிப் பத்து நிமிடம் நடங்கள். பிறகு அவற்றை வெளிப்பக்கத்துக்கு மாற்றி, முதுகுப்பக்கத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு நடங்கள். உடல் எவ்வளவு முன்னால் சாய்கிறது என்று நண்பரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்: இன்று கட்டாயம் தேவை, தேவைப்படலாம், பழக்கத்தால் கிடக்கிறது. ஒவ்வொரு பத்தியையும் கூட்டுங்கள். மொத்தம் உங்கள் எடையில் எத்தனை சதவீதம் என்றும் கணக்கிடுங்கள்.

மூன்றாவது பத்தியை இன்றே காலி செய்துவிடலாம். படைவீரனின் பட்டியலில் பெரும்பாலும் மூன்றாவது பத்தியே இருப்பதில்லை. அவன் இரண்டாவது பத்தியிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டியிருக்கிறது, நாளை எது தேவைப்படும் என்று தெரியாமலே.